பதினான்கு நாள் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்

பிரிட்டனில் விசா விண்ணப்பம் நிரப்பித் தரும் தமிழ் ஆலோசகர்களுக்கும், சொலிசிட்டர் அலுவலகங்களில் தமிழ் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

நான் வழக்கறிஞன் அல்ல, விசா ஆலோசகனும் அல்ல. மொழிபெயர்ப்பாளன். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் குடிவரவு வழக்குகளுக்கு அழைத்தால் போவேன். ஆங்கிலம் தடுமாறுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை உங்களுக்கும் நீங்கள் சொல்வதை அவருக்கும் சேர்ப்பதுதான் வேலை. சட்டம் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு இல்லாதவர் குடிவரவு ஆலோசனை சொன்னால் அது குற்றம் என்பதும் தெரியும். அதனால்தான் இந்த மடலை விண்ணப்பதாரர்களுக்கு எழுதாமல், பதிவு வைத்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரே வாக்கியத்தைப் பல அறைகளில் கேட்டுவிட்டேன். விசா முடிய இன்னும் சில நாள்தான் இருக்கும். வாடிக்கையாளர் பதறிக்கொண்டு வருவார். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிதானமான குரலில் பதில் வரும்: "டென்ஷன் ஆகாதீங்க, முடிஞ்சாலும் பதினாலு நாள் இருக்கு." அவர் முகம் தெளிந்துவிடும். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்கும் வேலைகூட எனக்கு இல்லை, நீங்களே தமிழில் சொல்லிவிடுகிறீர்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2016 நவம்பர் 24க்கு முன்பு 28 நாள் என்று ஒரு விதி இருந்தது. விசா முடிந்து 28 நாளுக்குள் விண்ணப்பித்தால், ஏன் தாமதம் என்று பெரிதாக யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் தொழில் கற்றவர்கள் அதை ஒரு சலுகைக் காலமாகவே மனதில் பதித்துக்கொண்டார்கள். விதி மாறியபோது எண் மட்டும் மாறியது என்று நினைத்துவிட்டார்கள். 28 போய் 14 வந்தது, அவ்வளவுதான் என்று. மாறியது எண் மட்டும் அல்ல.

விசா முடிந்த பிறகு போடும் விண்ணப்பத்தைப் பற்றிய குடிவரவு விதியை (39இ பத்தி என்று அறியப்பட்டது) நீங்கள் என்னைவிட அதிகம் படித்திருப்பீர்கள். ஆனாலும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விசா முடிந்து 14 நாளுக்குள் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. நேரத்துக்குள் விண்ணப்பிக்க முடியாமல் போனதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். அதை விண்ணப்பத்திலோ விண்ணப்பத்தோடோ சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காரணம் விண்ணப்பதாரரின் கையிலும், அவருடைய பிரதிநிதியின் கையிலும் இல்லாததாக இருக்க வேண்டும்.

பிரதிநிதி என்றால் நீங்கள்தான். "எங்கள் அலுவலகத்தில் வேலை அதிகம்", "ஃபைலைப் பார்த்த பிள்ளை லீவில் போய்விட்டார்", "தேதியைத் தவறாகக் குறித்துவிட்டோம்" இவை எதுவும் அந்தப் பத்தியில் காரணமாக நிற்காது. உங்கள் தாமதம் அவருடைய தாமதமாகவே எழுதப்படும். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தது, நெருங்கியவரின் மரணம், இந்த மாதிரி காரணம் இருந்தால் பேசிப் பார்க்கலாம், அதற்கும் தேதியோடு தாள் வேண்டும். மறந்துவிட்டேன் என்பதோ, பணம் சேரவில்லை என்பதோ எடுபடாது.

(நேரத்துக்குள் போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டு, அதிலிருந்து 14 நாளுக்குள் மறுபடி போடுவது வேறு கணக்கு. அங்கே காரணம் கேட்பதில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன்.)

சரி, காரணம் ஏற்கப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த இடைவெளி 14 நாளோடு நிற்பதில்லை. இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

விசா செல்லுபடியாக இருக்கும்போதே விண்ணப்பித்தவருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3சி பிரிவு குடை பிடிக்கிறது. பழைய விசாவின் தேதி கடந்தாலும், முடிவு வரும்வரை அதே நிபந்தனைகளோடு அனுமதி தானாக நீளும். வேலை செய்யலாம், வாடகைக்கு இருக்கலாம். ஒரே ஒரு நாள் பிந்திப் போட்டவருக்கு அந்தக் குடை இல்லை. அவருடைய விசா முடிந்த நாள் முதல் முடிவு கையில் வரும் நாள் வரை, எட்டு வாரமோ எட்டு மாதமோ, முழுவதும் அனுமதி இல்லாமல் இருந்த காலம்தான். முதலாளி சட்டப்படி அவரை வேலையிலிருந்து நிறுத்தியாக வேண்டும். "பதினாலு நாள் இருக்கு" என்று கேட்டு நிம்மதியாகப் போனவர், மூன்றாம் வாரம் எச்ஆரிடமிருந்து அழைப்பு வரும்போதுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்.

நிரந்தர வதிவிடக் கணக்குக்கு வருவோம். ஸ்கில்டு வொர்க்கர் (திறன் பணியாளர்) விசாவில் ஐந்தாண்டு, நீண்டகால வதிவிடத்தில் பத்தாண்டு, எதுவானாலும் தொடர்ச்சி வேண்டும். காரணம் ஏற்கப்பட்ட இடைவெளி அந்தத் தொடர்ச்சியை உடைக்காது, ஆனால் கணக்கில் சேராது. 2023இல் அஃப்சல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொருட்படுத்தாமல் விடுவது வேறு, சட்டப்படி இருந்த நாளாக எண்ணுவது வேறு. எனவே நல்லபடியாக முடிந்தாலும் அத்தனை மாதமும் பின்னால் தள்ளிப்போகும். காரணம் ஏற்கப்படாவிட்டால் தொடர்ச்சியே அறுந்துவிடும். எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

ஒரு பெண்மணியின் வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 2013இல் மாணவர் விசாவில் வந்தார். படிப்பு, நீட்டிப்பு, திருமணம், குழந்தை. 2018இல் விசா முடியும் நேரத்தில் குடும்ப வாழ்க்கை அடிப்படையில் விண்ணப்பிக்க ஒரு ஆலோசகரிடம் போயிருக்கிறார். "எல்லாத் தாளும் சேரட்டும், ஃபைல் கனமா இருக்கணும்" என்று அவர் வைத்துக்கொண்டிருக்கிறார். விசா முடிந்து 20 நாள் கழித்து விண்ணப்பம் போனது. 2019இல் முப்பது மாத அனுமதி கிடைத்தது. இனிப்பு வாங்கிக்கொண்டுபோய் ஆலோசகருக்குக் கொடுத்தாராம்.

2023இல், வந்து பத்தாண்டு ஆகிவிட்டது என்று நிரந்தர வதிவிட அனுமதியான ஐஎல்ஆருக்குப் போட்டார். மறுப்புக் கடிதத்தைப் படித்துச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். நடுவில் ஒரு சின்ன அட்டவணை. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை அனுமதி, அடுத்து ஒரு வரி அனுமதி இல்லை, மறுபடி அனுமதி. அவர் அந்த நடு வரியில் விரலை வைத்துக்கொண்டு, "விசாதான் குடுத்திட்டாங்களே, அப்புறம் என்ன கேப்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் கசப்பானது. அந்த அனுமதி மனித உரிமை அடிப்படையில் கிடைத்தது. பிரிட்டனில் இருக்கும் குழந்தையையும் குடும்பத்தையும் பார்த்து, தாமதத்தை மீறிக் கொடுத்தது. கொடுத்ததாலேயே பழைய இடைவெளி அடைபட்டுவிடாது. அவருடைய பத்தாண்டு 2019இல்தான் மறுபடி தொடங்குகிறது. 2013 முதல் 2018 வரை ஒழுங்காகக் கட்டணம் கட்டி, ஒழுங்காகப் படித்து, சட்டப்படி இருந்த ஐந்தாண்டு அந்தக் கணக்கில் இல்லாமல் போனது. விசா வந்த அன்றைக்கே, 2019இலேயே, இதை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் ஐஎல்ஆர் கட்டணமாவது மிஞ்சியிருக்கும். 2025 ஏப்ரலில் அது ஒரு ஆளுக்கு 3,029 பவுண்டு ஆனது. மறுத்தால் திரும்பி வராது.

அவருடைய ஆலோசகர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஃபைல் கனமாக இருந்தால் நல்லது என்று மனதார நம்பியவர். அந்த நம்பிக்கையைத்தான் முதலில் விட வேண்டும். இணையத்தில் படிவத்தை முடித்து, பணம் கட்டி, சமர்ப்பித்த நாள்தான் விண்ணப்ப நாள். கைரேகை பிறகு. பெரும்பாலான ஆவணங்களைக் கைரேகை நாளுக்குள் ஏற்றிக்கொள்ளலாம். கவுன்சில் வரிச் சீட்டு வரவில்லை, பள்ளிக்கூடக் கடிதம் வரவில்லை என்று தேதியைத் தாண்டவிடுவதற்குக் காரணமே இல்லை. ஸ்கில்டு வொர்க்கருக்கு சிஓஎஸ் எண் (வேலை தரும் நிறுவனம் வழங்கும் சான்றின் எண்) இல்லாமல் படிவம் போகாது, உண்மை. ஆங்கிலத் தேர்வு மாதிரி சிலவற்றையும் முன்பே முடித்திருக்க வேண்டும். எதற்கு முன்கூட்டியே ஓட வேண்டும், எதைப் பிறகு ஏற்றலாம் என்று பிரித்துச் சொல்வதற்குத்தானே உங்களுக்குக் கட்டணம்?

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். தாமதத்துக்குப் பின்னால் பல நேரம் இருப்பது சோம்பேறித்தனம் அல்ல, மருத்துவக் கூடுதல் கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குட்பட்டவருக்கு 776. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்றாண்டு நீட்டிப்பு என்றால் இது மட்டும் 10,866 பவுண்டு. விசாக் கட்டணம் தனி, உங்கள் கட்டணமும் தனி. ஹெல்த் அண்ட் கேர் விசாக்காரர்களுக்கு இது இல்லை. மற்றவர்கள் இவ்வளவு தொகையைக் கடைசி வாரத்தில் கேள்விப்பட்டால் எங்கே போவார்கள்? சீட்டு எடுக்க வேண்டும், நகை வைக்க வேண்டும், ஊரிலிருந்து யாராவது அனுப்ப வேண்டும். விசா முடிவதற்கு ஓராண்டு முன்பே இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். முடிந்தால் வாட்ஸ்ஆப்பிலும் போடுங்கள். நம்மவர்கள் தாளைத் தொலைத்தாலும் வாட்ஸ்ஆப்பைத் தொலைப்பதில்லை.

குடும்பமாக வருகிறவர்களுடைய தேதிகளைத் தனித்தனியாகப் பாருங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடக்கிறது. கணவர் கம்பெனி மாறி, தன் விசாவை முன்கூட்டியே புதுப்பிக்கிறார். மனைவி விண்ணப்பிக்கவில்லை, அவருடைய பழைய தேதி அப்படியே நிற்கிறது. "எங்க விசா 2028 வரைக்கும் இருக்கு" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

அடுத்தது மின்னஞ்சல். இதில் எனக்குக் கோபமே உண்டு. வாடிக்கையாளருக்கு இணையம் பழக்கம் இல்லை என்று விண்ணப்பத்திலும் யுகேவிஐ (விசாக்களைக் கவனிக்கும் அரசுப் பிரிவு) இணையக் கணக்கிலும் உங்கள் அலுவலக மின்னஞ்சலையே போட்டுவிடுகிறீர்கள். வதிவிட அட்டைகள் காலாவதியாகி எல்லாமே ஈவிசா (இணையத்தில் மட்டும் இருக்கும் விசா) ஆன பிறகு, அந்தக் கணக்குதான் அவருடைய விசா. அதன் சாவி உங்களிடம். அவரை வேலைக்கு அழைத்த நிறுவனம் தன் ஸ்பான்சர் உரிமத்தை இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு வேலைக்கு வந்த எத்தனை பேருக்கு இது நடந்தது என்று உங்களுக்கே தெரியும். விசாவைச் சுருக்கி, வழக்கமாக 60 நாள் கொடுத்து, ஹோம் ஆபீஸ் (உள்துறை அமைச்சகம்) கடிதம் அனுப்பும். அந்தக் கடிதம் நீங்கள் மூன்று ஆண்டுக்கு முன்பு முடித்து மூடிய ஃபைலின் மின்னஞ்சலுக்கு வந்து விழுகிறது. விளம்பர மடல்களுக்கு நடுவே கிடக்கிறது. அந்த மனுஷி லெஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் புது வேலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார், தன் 60 நாளில் நாற்பது போய்விட்டது தெரியாமல்.

அந்த 60 நாளுக்குள் புது சிஓஎஸ் வாங்கி விண்ணப்பித்திருந்தால் அவர் குடைக்குள்ளேயே இருந்திருப்பார். முடிவு வரும்வரை புது இடத்தில் வேலை தொடங்க முடியாது, கை முடங்கும், கடன் ஏறும். ஆனால் ஐந்தாண்டுக் கணக்கு உடையாது. வேலையில் விழும் இடைவெளி வேறு, அனுமதியில் விழும் இடைவெளி வேறு. நம்மவர்கள் முதலாவதற்குத்தான் பயப்படுகிறார்கள். இரண்டு மாதம் சம்பளச் சீட்டு இல்லையே, பிஆர் (நிரந்தர வதிவிடம்) போய்விடுமா என்று உங்களிடம் அழுகிறவர், விசா தேதியை ஒருமுறைகூடச் சரிபார்த்திருக்க மாட்டார். எந்தப் பயம் தேவை, எது தேவையில்லை என்று நீங்கள் பிரித்துக் காட்டலாம்.

ஊர்ப் பயணம். அந்த 3சி குடையில் இருப்பவர் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த அனுமதி அங்கேயே முடிந்துவிடும், நிலுவையில் இருக்கும் நீட்டிப்பு விண்ணப்பமும் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்ளப்படும். பாஸ்போர்ட் இப்போதெல்லாம் கையிலேயே இருப்பதால் யாருக்கும் இது உறைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் அப்பா தவறிவிட்டார் என்று இரவு பதினொரு மணிக்குச் செய்தி வந்தால், அந்த மகன் விதியைத் தேடிப் படிக்கமாட்டான், டிக்கெட்டைத்தான் தேடுவான். விண்ணப்பம் அனுப்பும் அன்றைக்கே, கையெழுத்து வாங்கும்போதே, வாயால் சொல்லிவிடுங்கள்: முடிவு வரும்வரை விமானம் ஏறும் முன் எனக்கு ஒரு போன். போகவேண்டாம் என்று யாரும் தடுக்க முடியாது. ஆனால் என்ன இழக்கிறோம் என்று தெரிந்து போகட்டும். இந்த இடத்தில் "ஒண்ணும் ஆகாது, போயிட்டு வாங்கண்ணே" என்ற சொல்லை நானே கேட்டிருக்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வரி. படித்து முடித்தவர்கள் இங்கே தங்கி வேலை செய்ய உதவும் கிராஜுவேட் விசாவுக்கு, படிப்பு முடிந்தது என்று பல்கலைக்கழகம் ஹோம் ஆபீஸுக்குத் தெரிவித்த பிறகு, மாணவர் விசா முடிவதற்குள், நாட்டுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வேட்டைத் தாமதமாகக் கொடுத்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டு தேதிகளும் மோதும். கிராஜுவேட் காலம் ஸ்கில்டு வொர்க்கரின் ஐந்தாண்டில் சேராவிட்டாலும் பத்தாண்டுக் கணக்கில் சேரும் என்பதால், அந்த ஒட்டு விட்டுப்போனால் இழப்பு பெரிது.

நீங்கள் கேட்கலாம்: எல்லாப் பழியும் எங்களுக்கா, ஹோம் ஆபீஸ் யோக்கியமா என்று. இல்லை. பத்தாண்டு வரி கட்டியவரை ஒரு வாரத் தாமதத்துக்காகத் தொடக்கத்துக்குத் தள்ளும் விதி கொடுமையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்களுக்கு எழுதும் மடல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், அதை எழுத எம்.பி.க்கள் இருக்கிறார்கள். போகிற போக்கைப் பார்த்தால் இளகும் அறிகுறியும் இல்லை. அரசின் 2025 மே வெள்ளை அறிக்கை (கொள்கை அறிக்கை), நிரந்தர வதிவிடத்துக்கான வழக்கமான காலத்தை ஐந்திலிருந்து பத்தாண்டாக்க முன்மொழிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதன்மேல் கருத்துக் கேட்டார்கள். காலம் நீண்டால் நடுவில் புதுப்பிக்கும் தடவைகள் கூடும், ஒவ்வொரு தடவையும் தவறவிட ஒரு தேதி உண்டு. ஒருமுறை தவறினால் இழப்பும் இரட்டிப்பாகும். உங்கள் வேலையின் எடை கூடுகிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

கடைசியாக, எல்லாம் கைமீறிப்போய் வருகிறவரைப் பற்றி. விசா முடிந்து நான்காம் நாள் ஒருவர் உங்கள் கதவைத் தட்டுகிறார். "பதினாலு நாள் இருக்கு, திங்கட்கிழமை வாங்க" என்று அனுப்பாதீர்கள். ஏன் தாமதம் என்று அன்றைக்கே உட்காரவைத்துக் கேளுங்கள். காரணத்தை அவர் வாயிலிருந்து, தேதி தேதியாக எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டோ மரணச் சான்றோ இருந்தால் அன்றே படம் எடுத்து வாங்குங்கள். பிறகு விளக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்கு இடம் இல்லை. காரணம் விண்ணப்பத்தோடு போயாக வேண்டும். வேலைக்குப் போகக்கூடாது என்பதையும் அதே நாளில் சொல்லுங்கள், அவர் முகம் சுருங்கினாலும். ஆலோசகர் பதிவில் முதல் நிலை மட்டுமே உள்ளவர்கள், அனுமதி முடிந்துபோனவரின் ஃபைல் தங்கள் எல்லைக்குள் இல்லை என்பதை ஒத்துக்கொண்டு, மேல் நிலையில் இருப்பவரிடம் அன்றே அனுப்பிவையுங்கள்.

தேதி தவறியது உங்கள் அலுவலகத்தால் என்றால், அதை வாடிக்கையாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் தவறை மறைத்துக்கொண்டு அவருக்காக நீங்களே காரணக் கடிதம் எழுத முடியாது, அங்கே உங்கள் நலனும் அவர் நலனும் ஒன்றல்ல. வேறொரு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி, முழு ஃபைலையும், யுகேவிஐ கணக்கின் கடவுச்சொல்லையும் அன்று மாலைக்குள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேசையின் இந்தப் பக்கத்து நாற்காலியிலிருந்து
ஒரு மொழிபெயர்ப்பாளன்